நேதாஜி ஏறிய நீர்மூழ்கி என்ன நிறம்?

போன கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "தாத்தா, சும்மா டிவி பாத்துக்கிட்டே இருக்காதீங்க. இத ஒட்டி முடிங்க" என்றான். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் சிறு மாதிரி. ஒன்பது-சி வகை, 350-இல் ஒரு பங்கு அளவு என்று பெட்டியில் போட்டிருந்தது.

எனக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் 'ஜெர்மன் நீர்மூழ்கி' என்றதும் எங்கள் பெரியப்பா நினைவுக்கு வந்துவிட்டார். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவர், 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து வெறுங்கையோடு ஊர் திரும்பியவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லும் கதைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது நேதாஜி வந்த கதைதான். "கடலுக்கு அடியிலயே வந்தாருடா. மூணு மாசம் சூரியனப் பாக்கல" என்பார். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். கண்ணாடி ஜன்னல் வைத்த கப்பலில், வெளியே மீன்கள் நீந்த, நேதாஜி ராணுவ உடையில் நிற்பதாக என் மனதில் ஒரு படம் அப்போதே பதிந்துவிட்டது.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும், இதை நேதாஜி வந்த கப்பலாகவே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒட்டுவது பெரிய கஷ்டமாக இல்லை. வர்ணம் அடிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. அந்தக் கப்பல் என்ன நிறம்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 ஜனவரியில் கல்கத்தா எல்ஜின் சாலை வீட்டுக் காவலிலிருந்து தப்பிய சுபாஷ் சந்திர போஸ், காபூல், மாஸ்கோ வழியாக அந்த ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். அங்கே வானொலி நடத்தினார், படை திரட்டினார். ஆனால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும், இந்திய விடுதலைக்கான போர்முனை கிழக்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. கிழக்கே போவது எப்படி? ஆகாயத்திலும் கடலின் மேற்பரப்பிலும் எதிரிகள். ஒரே வழி நீர்மூழ்கி. 1943 பிப்ரவரி 9-ஆம் தேதி, ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்ற நீர்மூழ்கியில் அவர் புறப்பட்டார். கூட வந்தவர் ஒரே ஓர் இந்தியர், ஐதராபாத்துக்காரரான ஆபித் ஹசன். கப்பலின் தலைவர் வெர்னர் முசென்பெர்க்.

யூ-180 ஒன்பது-டி1 வகையைச் சேர்ந்தது. என் பெட்டியில் இருந்த ஒன்பது-சி வகைக்கு அண்ணன் மாதிரி. ஒன்பது-சியின் நீளம் சுமார் 77 மீட்டர், யூ-180-இன் நீளம் சுமார் 88 மீட்டர். 350-ஆல் வகுத்தால் என் மாதிரி 22 சென்டிமீட்டர். அது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஆகவே நடுவில் அறுத்து, 3 சென்டிமீட்டருக்குப் பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அகலத்திலும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது. அதை விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத குறை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இந்தக் கணக்கில் மனிதன் எவ்வளவு உயரம் என்று போட்டுப் பார்த்தேன். ஐந்தே முக்கால் அடி ஆள் 5 மில்லிமீட்டர் வருகிறார். ஏறக்குறைய ஒரு அரிசி மணி. சமையலறையிலிருந்து ஒரு அரிசியை எடுத்துவந்து மேல்தளத்தில் நிறுத்திப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்க்கும் உடலில் கணிசமான பகுதி எண்ணெய்த் தொட்டியும் நீர்த் தொட்டியும்தான். ஆள் புழங்குவது உள்ளே இருக்கும் ஒரு ஒடுங்கிய குழாய்க்குள். அதிலும் இயந்திரமும் பாட்டரியும் டார்பிடோவும் போக மிச்ச இடத்தில் ஐம்பது அறுபது பேர். ஜன்னல் எதுவும் கிடையாது. என் சின்ன வயதுப் படத்தில் இருந்த மீன்கள் அன்றைக்கே நீந்திப் போய்விட்டன.

அடுத்து நிறம். கப்பல் என்றால் தண்ணீருக்குக் கீழே உள்ள பகுதி சிவப்பு என்று நமக்கெல்லாம் ஒரு எண்ணம். சென்னைத் துறைமுகத்தில் பார்த்த கப்பல்கள் எல்லாம் அப்படித்தான். நானும் யோசிக்காமல் அடிப்பகுதிக்கு ரெட் ஆக்சைடு மாதிரி செங்காவி அடித்துவிட்டேன். பழைய வீட்டுத் தரை போல நன்றாகவே இருந்தது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, போர்க்கால ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் அடிப்பகுதிக்குப் பொதுவாக அடித்தது கரும்சாம்பல். நீர்க்கோட்டுக்கு மேலே வெளிர் சாம்பல். நேதாஜி அந்தக் கப்பலில் நிற்கும் புகைப்படம் உண்டு. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்க முடியாது. செங்காவியும் கரும்சாம்பலும் அதில் ஒன்றுபோலவே விழும். மறுபடி உப்புத்தாள், மறுபடி பிரைமர், மறுபடி முதலிலிருந்து. பேரன் சிரித்தான்.

ஏன் சாம்பல்? இதற்குக் காரணம் தெரிந்ததும் பெரியப்பாவின் கதையில் பாதி தானாகவே திருத்தம் பெற்றது. அந்தக் காலத்து நீர்மூழ்கி, பெயருக்குத்தான் நீர்மூழ்கி. பெரும்பாலான நேரம் அது கடலுக்கு மேலேதான் ஓடும். டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும். கடலுக்கு அடியில் அதை ஓட்ட முடியாது. மூழ்கினால் பாட்டரியில்தான் ஓட வேண்டும். ஆமை வேகத்தில் போனாலும் ஒன்றிரண்டு நாளில் பாட்டரி தீர்ந்துவிடும். பிறகு மேலே வந்து டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆகவே எதிரி விமானமோ கப்பலோ கண்ணில் பட்டால் மூழ்குவது, இல்லாவிட்டால் மேலே ஓடுவது, இதுதான் வழக்கம். அட்லாண்டிக்கின் மூடிய வானத்தோடும் மங்கிய தொடுவானத்தோடும் கலந்து போகத்தான் அந்த வெளிர் சாம்பல். அழகுக்கு அடித்த வர்ணம் இல்லை. உயிர் பிழைக்க அடித்தது.

மேல்தளத்துக்கும் ஒரு சங்கதி உண்டு. அது மரப் பலகை. மரம் என்றதும் தேக்கு நிறம் அடிக்கக் கை பரபரத்தது. ஆனால் அந்தப் பலகைகள் உப்புத் தண்ணீரில் மக்காமல் இருக்கக் கருமையான மருந்து பூசப்பட்டவை. ஆகவே கிட்டத்தட்ட கறுப்பு. பக்கவாட்டில் வரிசை வரிசையாகச் சிறு துவாரங்கள் இருக்கும். மூழ்கும்போது மேல்தளத்துக்கு அடியில் தண்ணீர் புகவும், எழும்போது வடியவும் அவை. எண்ணெய் வர்ணத்தைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து அந்தத் துவாரங்களில் ஓடவிட்டேன். காய்ந்ததும் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். ஒவ்வொரு துவாரத்தின் கீழும் மெல்லிய துரு வழிந்த கோடு. கைப்பிடிக் கம்பிக்கு ஃபியூஸ் கம்பி. ஆன்டெனாக் கம்பிக்கு, மிச்சமான பிளாஸ்டிக் குச்சியை அகல் விளக்கில் காட்டி இளக்கி, தலைமுடி அளவுக்கு இழுத்துக்கொண்டேன்.

புதுக் கப்பலாகப் பளபளவென்று செய்யக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். நேதாஜி அதிலிருந்து இறங்கும்போது அது 78 நாள் கடலில் இருந்த கப்பல். நார்வேக் கரை, வட அட்லாண்டிக் குளிர், நன்னம்பிக்கை முனை எல்லாம் கடந்து வந்தது. அலை அறைந்த இடத்தில் வர்ணம் உரிந்திருக்கும், துரு வழிந்திருக்கும். இன்னொன்றும் இருந்தது. யூ-180-இல் சாதாரண நீர்மூழ்கி டீசல்கள் கிடையாது. வேகத்துக்காக, டார்பிடோ படகுகளில் வைக்கும் டைம்லர்-பென்ஸ் இயந்திரங்கள் ஆறு பொருத்தியிருந்தார்கள். அந்தச் சோதனை தோற்றுப்போனது. புகை மிகுதி. ஒளிந்து போகவேண்டிய கப்பலுக்குப் புகையைப் போல ஒரு காட்டிக்கொடுப்பவன் உண்டா? பிறகு அவற்றைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே பின்பக்கத்தில் புகைபோக்கி வாயருகே விளக்குக் கரியைத் தொட்டுத் தடவினேன். என் மாதிரியில் எனக்கு மிகவும் திருப்தி தந்த இடம் அதுதான்.

உள்ளே எப்படி இருந்தது என்பதை ஆபித் ஹசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கும் டீசல் நாற்றம். சாப்பிடும் ரொட்டியிலும் போர்த்தும் கம்பளியிலும் அதே நாற்றம். சரக்கு அறையில் அரிசியும் பருப்பும் இருப்பதைக் கண்டுபிடித்து, நேதாஜிக்குச் சோறும் பருப்பும் சமைத்துக் கொடுத்தாராம். நேதாஜியோ ஜெர்மன் அதிகாரிகளையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட, அரிசி தீர்ந்துவிடுமே என்று இவருக்குக் கவலை. மற்ற நேரமெல்லாம் வேலை. நேதாஜி சொல்லச் சொல்ல ஹசன் எழுதுவது, தட்டச்சு செய்வது. தம் நூலைத் திருத்தினார். கிழக்கே போய் என்ன பேசுவது, பெண்களுக்கென்று ஒரு படை அமைப்பது எப்படி என்றெல்லாம் திட்டமிட்டார். ஜான்சி ராணிப் படையின் விதை அந்த டீசல் நாற்றத்தில் விழுந்ததுதான். மலேயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழ்ப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் எழுதிவிட வேண்டும். பெரியப்பா இதைச் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஏப்ரல் 18-ஆம் தேதி, தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால், யூ-180 'கார்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. 8,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். அப்போது நேதாஜி இந்தக் குழாய்க்குள்தான் இருந்தார். அது அவர் கட்டளை இல்லை. அவர் ஒரு பயணி. ஆனாலும் இது யாத்திரைக் கப்பல் இல்லை, கொல்லும் கப்பல் என்பதை மறந்துவிட்டு நான் வர்ணம் அடிக்க முடியவில்லை. ஜெர்மனியோடு கை கோத்தது சரியா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். தேசத்துக்காக எதையும் செய்யத் துணிந்தவர் ஏறிய வாகனம் எப்படிப்பட்டது என்பதை மறைக்காமல் காட்டினால்தான் அவர் துணிவுக்கும் அர்த்தம் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. முன்பக்கம் டார்பிடோக் குழாய்களின் கதவுகளை மிகச் சின்னது என்று முதலில் வெறுமனே விட்டிருந்தேன். அன்று இரவு உட்கார்ந்து ஊசி முனையால் அவற்றைக் கீறி, கோடு இழுத்தேன்.

பத்து நாள் கழித்து, மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் இன்னொரு நீர்மூழ்கி காத்திருந்தது. பினாங்கிலிருந்து வந்த ஜப்பானிய ஐ-29; அதில் வந்திருந்த நீர்மூழ்கிப் பிரிவின் தளபதி மசாவோ தெராவோகா. இதற்காகப் பேரனிடம் சொல்லி இரண்டாவது பெட்டி வரவழைத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஐ-29-இன் நீளம் 108 மீட்டருக்கு மேல். என் மேசையில் 31 சென்டிமீட்டர். ஜெர்மன் கப்பல் அதன் பக்கத்தில் தம்பி போல நின்றது. ஐ-29-இன் கோபுரத்துக்கு முன்னால் உருளை வடிவில் ஒரு கொட்டகை. அதற்குள் இறக்கையை மடித்த ஒரு சிறு கடல் விமானம் இருக்கும். 1942 மே மாதம் சிட்னி துறைமுகத்தை வேவு பார்த்தது இந்தக் கப்பலின் விமானம்தான்.

இதற்கு நிறம் கறுப்பு, அடியில் செங்காவி. நான் முதலில் தப்பாக அடித்த சிவப்பு, இங்கே சரியாகப் பொருந்திவிட்டது! வெயில் அடிக்கும் தெளிந்த கடலில், மேலிருந்து பார்க்கும் விமானத்தின் கண்ணுக்குத் தப்பவே கருமை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கப்பல்கள். ஒன்று மேகத்துக்காகச் சாம்பல் பூசிக்கொண்டது, இன்னொன்று ஆழ்கடலுக்காகக் கறுப்புப் பூசிக்கொண்டது. வெறும் கறுப்பை அடித்தால் பொம்மை போல இருக்கிறது என்பதால், கொஞ்சம் நீலமும் சாம்பலும் கலந்து, ஓரங்களில் உலர்ந்த தூரிகையால் லேசாக வெளுப்புக் கொடுத்தேன். கோபுரத்தில் 29 என்று எண் எழுத ஆசை. போர்க்காலத்தில் எண்ணை அழித்துவிடுவது வழக்கம் என்பதால் எழுதவில்லை.

சந்தித்த உடனே மாற முடியவில்லை. கடல் கொந்தளிப்பாக இருந்தது. இரண்டு இரும்புக் கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மோதி நொறுங்கும். காத்திருந்து, ஏப்ரல் 28-ஆம் தேதி, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, ஒரு ரப்பர் படகில் நேதாஜியும் ஆபித் ஹசனும் அலையில் நனைந்தபடி மாறினார்கள். பதிலுக்கு இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் ஜெர்மன் கப்பலுக்குப் போனார்கள். சுமார் 2 டன் தங்கமும் போனது.

இந்தக் காட்சியைத்தான் பலகையில் செய்தேன். டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகாலில் நனைத்துக் கசக்கி அலை. அதன்மேல் கருநீலம், முகடுகளில் வெள்ளை. நடுவே நூல் கயிறு. படகு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் இரண்டு அரிசி மணிகளைச் செதுக்கி உட்கார வைத்தேன். தூரிகையை வைத்துவிட்டுப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துப் போன சங்கதி. ஒரு அலை தப்பாக அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஐ-29-இல் கதை கொஞ்சம் வெளிச்சமாகிறது. தெராவோகா தம் அறையையே நேதாஜிக்குக் கொடுத்தார். பினாங்கில் புறப்படும்போதே இந்திய மசாலாச் சாமான்களை வாங்கி வந்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் டீசல் ரொட்டி தின்றவர்களுக்குக் காரசாரமான குழம்பு! மறுநாள் ஏப்ரல் 29 ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பிறந்த நாள். அதையும் கப்பலில் கொண்டாடினார்கள். மே முதல் வாரத்தில் சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்கில் நேதாஜி கரை இறங்கினார். அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ. ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூர். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அந்த இரண்டு கப்பல்களும் இன்று இல்லை. ஐ-29, 1944 ஜூலை 26-ஆம் தேதி பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி 'சாஃபிஷ்' போட்ட டார்பிடோக்களில் மூழ்கியது. அடுத்த மாதமே, சரக்குக் கப்பலாக மாற்றப்பட்டிருந்த யூ-180, கிழக்கு நோக்கிப் புறப்பட்ட பயணத்தில் பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு காணாமல் போனது. ஆகவே யாரும் போய்த் தொட்டுப் பார்த்து நிறத்தைச் சரிபார்க்க முடியாது. மிஞ்சியிருப்பது சில கறுப்பு வெள்ளைப் படங்களும் எழுதி வைத்த குறிப்புகளும்தான்.

வேலை முடிந்ததும் பேரன், "தாத்தா, புலிக்கொடி ஒண்ணு ஒட்டலாமே, நல்லா இருக்கும்" என்றான். எனக்கும் ஆசைதான். பெரியப்பா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் அது ரகசியப் பயணம். அந்தக் கப்பல்களில் புலிக்கொடி பறக்கவில்லை. ஒட்டவில்லை.

மாதிரி இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், பெரியப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. "கடலுக்கு அடியிலயே வந்தாருடா" என்று அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். பெரும்பகுதி மேலேதான் வந்தார். ஆனால் "மூணு மாசம் சூரியனப் பாக்கல" என்றாரே, அது கிட்டத்தட்ட உண்மைதான். ஜன்னல் இல்லாத அந்தக் குழாய்க்குள் பயணிக்கு ஏது சூரியன்?

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். அரிசி மணியைப் பார்க்க பூதக்கண்ணாடி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.